நிழலுருவம் வாளால் வெல்ல வேண்டிய எதிரி அன்று

1989இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ கணினி விளையாட்டில் எல்லா எதிரிகளையும் வேகமான வாள்வீச்சாலேயே வீழ்த்திவிடலாம் என்று புதிதாக ஆடுபவர்களுக்கான அறிவுரை ஒன்றில் சொல்லப்பட்டிருப்பது சரியன்று. காவலர்கள் போன்றவர்களுக்கே அது பொருந்தும். மூன்றாம் கட்டத்தில் உயிர்பெற்று எழும் எலும்புக்கூடு எத்தனை முறை வெட்டினாலும் சாகாது. அடித்தடித்துப் பின்வாங்க வைத்து, விளிம்பிலிருந்து கீழே தள்ளுவதே வழி. பன்னிரண்டாம் கட்டத்தில் எதிர்ப்படும் நிழலுருவமோ, நான்காம் கட்டத்தில் கண்ணாடியை ஊடுருவித் தாவும்போது கதைநாயகனான இளவரசனிடமிருந்தே பிரிந்தது என்பதால், அதன்மீது விழும் ஒவ்வொரு வெட்டும் அவனுடைய உயிரையே குறைக்கும். அதைக் கொன்றால் அவனும் மடிவான். வாளை உறையிலிட்டால் அதுவும் உறையிலிடும். பிறகு அதை நோக்கி ஓடினால் இருவரும் ஒன்றாகிவிடுவர். இந்த விளையாட்டின் மிக அழகான புதிர் இதுவே என்பேன். புதிதாக ஆடுபவர்களுக்காக அந்த அறிவுரையைத் திருத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.