கில்ட் கட்டாத வாலஸ்

இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்ட ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் கதையைச் சொல்லும் 'பிரேவ்ஹார்ட்' படத்தில் வரலாற்றுப் பிழை என்று வாயைத் திறந்தாலே, "சினிமாதானே, டாக்குமெண்டரியா?" என்று மடக்குகிறார்கள். சரி, சினிமாதான். நானும் கைதட்டிப் பார்த்தவன்தான். பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவோடு வாலஸுக்குக் காதல் என்கிறார்களா, போகட்டும். வாலஸ் கொல்லப்பட்ட 1305-இல் அந்த அம்மாவுக்கு வயது பத்துதான் இருக்கும், இங்கிலாந்துக்கே வரவில்லை. அதைக்கூட மன்னிக்கலாம். உடையலங்காரத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. அது கதையின் அடிமடியிலேயே கை வைக்கிறது.

படத்தில் வாலஸின் ஆட்கள் இடுப்பில் சுற்றித் தோளில் போட்டுக்கொள்ளும் அந்தப் பெரிய போர்வை கில்ட், 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. அதுவும் மலைநாட்டுப் பக்கம். வாலஸோ தாழ்நிலத்துக்காரர், சிறு பிரபுக் குடும்பம். முகத்தில் அப்பிய நீலம் நேர் எதிர்த்திசையில் தப்பு. பிரிட்டன்காரர்கள் உடம்பில் நீலம் பூசிக்கொண்டதாக ஜூலியஸ் சீசர் எழுதியது வாலஸுக்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்னால். வாலஸ் காலத்தில் வோட் செடியின் நீலச் சாயத்தைத் துணிக்குத்தான் ஏற்றினார்கள். படமோ துணியையெல்லாம் சேற்று நிறத்தில் விட்டுவிட்டு, சாயத்தை மூஞ்சியில் பூசிவிட்டது! ஒப்பனைக்கு ஆஸ்கர், உடைக்கு பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா வேறு.

அப்படியானால் நிஜத்தில் என்னதான் போட்டிருந்தார்கள்? வாலஸுக்குப் பின் ஸ்காட்லாந்து மன்னரான ராபர்ட் புரூஸ் 1318-இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து பவுண்டு பெறுமான பொருள் உள்ளவன் எவனும் அகெட்டன், இரும்புத் தொப்பி, தகடு வைத்த கையுறை, ஈட்டி, வாள் எல்லாம் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். ஒரு பசுமாட்டின் விலைக்குச் சொத்து இருந்தாலே நல்ல ஈட்டியோ, வில்லும் 24 அம்புகளுமோ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பொருள் பறிமுதல். அகெட்டன் என்பது லினன் துணி அடுக்குகளுக்கு நடுவே கம்பளியோ கந்தலோ திணித்து, நெருக்கமாக வரிவரியாகத் தைத்த கனத்த அங்கி. பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் வாள்வெட்டை வாங்கிக்கொள்ளும். வசதி உள்ளவர்கள் அதன்மேல் சங்கிலிக் கவசமும் போட்டார்கள்.

எதிரே நின்ற ஆங்கிலேயனும் இதையேதான் போட்டிருந்தான். புரூஸ் குடும்பத்துக்கு இங்கிலாந்திலேயே நிலபுலன் இருந்தது. இரு தரப்புப் பிரபுக்களும் பிரெஞ்சு பேசியவர்கள். ஒரே மாதிரிக் கவசம், அதே மாதிரி மேலங்கி. எவன் யார் என்று அதில் வரைந்த குலச்சின்னத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் சுவாரஸ்யமான கதை. படம் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பளபளக்கும் சீருடைப் படை ஒரு பக்கம், பரட்டைத்தலைக் காட்டுக்கூட்டம் மறுபக்கம் என்று பிரித்துவிட்டது. விளைவு, அவர்கள் ஜெயித்தால் அது ஆவேசத்தின் வெற்றியாகிவிடுகிறது. மூளைக்கு அதில் இடமே இல்லை.

1297 ஸ்டர்லிங் பாலப் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலம் குறுகல். ஆங்கிலப் படையில் ஒரு பகுதி இக்கரைக்கு வரும்வரை வாலஸும் அவரோடு சேர்ந்து படையை நடத்திய ஆண்ட்ரூ முரேயும் பொறுமையாகக் காத்திருந்து, சரியான நேரத்தில் இறங்கிப் பாலத்தின் முனையை அடைத்தார்கள். படத்தில் பாலமும் இல்லை, முரேயும் இல்லை. வெட்டவெளியில் கில்ட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிப்போய் மோதுகிறார்கள். அடுத்த வருடம் ஃபால்கர்க் போரில் வட்டம் வட்டமாக நெருங்கி நின்று ஈட்டிகளை நீட்டிய காலாட்படையும் வாலஸுடையதுதான். பழக்கம் இல்லாத கூட்டம் குதிரைப்படை முன்னால் அப்படி நிற்குமா?

புரூஸின் கதையைச் சொல்லி 2018-இல் வந்த 'அவுட்லா கிங்' படம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஜேன் பெட்ரியின் உடைகளில் சங்கிலிக் கவசம், திணிப்பு அங்கி, குலச்சின்னம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். 1307 லவுடன் மலைப் போரில் புரூஸ் பள்ளம் வெட்டிக் குதிரைப்படையை மடக்கியதையும் காட்டியிருக்கிறார்கள். நாயகன் முகம் தெரிய வேண்டுமே என்று தலைக்கவசத்தைக் கழற்றும் வியாதி எல்லாப் போர்ப் படங்களுக்கும் உண்டு, அதை விடுங்கள். ஆனால் கடைசியில் ஆங்கில இளவரசர் எட்வர்ட் சேற்றில் புரண்டு புரூஸோடு ஒண்டிக்கு ஒண்டி மோதுவார் பாருங்கள், அந்த மனுஷன் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. ஆங்கிலப் படையை நடத்தி வந்தவர் எய்மர் டி வாலன்ஸ்.