இன்று யார் வீட்டு முறை?

அடுத்த மாதம் லடாக்கில் மலைக்கிராமங்கள் வழியாக நடக்கப் போகிறோம், எந்த வீட்டில் தங்குவது நல்லது என்று நண்பர்கள் இருவர் ஒரே வாரத்தில் கேட்டார்கள். இருவருக்கும் நான் வீட்டின் பெயர் எதையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகு, ஸிங்சென் வரை வண்டியில் சென்று, அங்கிருந்து ஓடையை ஒட்டிய பாதையில் ரும்பக் கிராமத்துக்கு நடந்தோம். பயணத்தை ஏற்பாடு செய்தவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி, அறை விசாலமானது, அங்கேயே தங்குங்கள் என்று அனுப்பியிருந்தார். ஊர் முகப்பில் பட்டாணி பறித்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் வேறொரு வீட்டைக் கைகாட்டினார். இன்று அந்த வீட்டின் முறை இல்லை, இந்த வீட்டின் முறை என்று எளிய இந்தியில் விளக்கினார். நாங்கள் முன்பே பேசி வைத்துவிட்டோம் என்று என்னோடு வந்தவர் வாதாடினார்; நானும் அவரைத் தடுக்கவில்லை. அந்தப் பெண்மணி கோபப்படாமல், சொன்னதையே இன்னொரு முறை சொல்லிவிட்டுப் பறிப்பதைத் தொடர்ந்தார். அப்படிப் பேச விட்டதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

முறை என்று அவர் சொன்னதன் பொருள் இரவு அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. ரும்பக், 1981-இல் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சிற்றூர். பனிச்சிறுத்தையின் காடும் ஊராரின் மேய்ச்சல் நிலமும் அங்கே ஒன்றுதான். இரவில் பட்டிக்குள் இறங்கிவிட்ட சிறுத்தை ஓர் ஆட்டோடு நிற்பதில்லை. மிரண்டு ஓடும் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றுபோடும். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே இரவில் போய்விடும் என்றால், அந்தக் குடும்பம் சிறுத்தையை எப்படி நேசிக்கும்? இந்தக் கேள்வியிலிருந்துதான், ரின்சென் வாங்சுக் முன்னின்று வளர்த்த பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு, 2000-களின் தொடக்கத்தில் ஊராரோடு கலந்து பேசி ஹோம்ஸ்டே திட்டத்தைத் தொடங்கியது. பட்டிக்கு மேலே கம்பிவலை போட்டு அடைத்தார்கள். சிறுத்தையையும் மலையையும் பார்க்க வருகிறவர்கள் ஊராரின் வீடுகளில் தங்கட்டும், அந்தப் பணம் ஆடு இழந்த வீட்டுக்கும் போகட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணம், விருந்தினர் முறைவைத்து வீடுவீடாகப் போவார்கள், வருவாயில் ஒரு பங்கு ஊரின் பாதுகாப்பு நிதிக்கு என்பதே அதன் அமைப்பு.

முறை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பாதையோரத்து வீட்டுக்கும், புதிதாகக் கட்டிய வீட்டுக்கும், இணையத்தில் படம் ஏற்றத் தெரிந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குமே ஆள் சேரும். மேட்டில், சற்று உள்ளே தள்ளி இருக்கும் வீட்டு மூதாட்டிக்கு ஆட்டை இழந்த நட்டம் மட்டும் மிஞ்சும்.

அவர்களுக்கு முறை என்பது சுற்றுலாவுக்காகப் புதிதாகக் கற்ற பாடமும் அல்ல. மழை அரிதான அந்த நாட்டில் பனி உருகி வரும் நீர்தான் பார்லியையும் பட்டாணியையும் விளைவிக்கிறது. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதைப் பார்த்துக்கொள்ள லடாக்கின் ஊர்களில் ச்சுர்பொன் என்றொருவர் இருப்பார். நம் தென்மாவட்டக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்பவர் செய்யும் அதே வேலை. முறைத்தண்ணீர் என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு அந்த ஊரின் நியாயம் அந்நியமாகப் படவில்லை.

எங்களுக்கு வாய்த்த வீட்டின் அம்மாவை ஆமா-லே என்று அழைத்தோம். நாம் பெயரோடு சேர்க்கும் 'ங்க' போன்றது அவர்களின் 'லே'. அடுக்களைதான் அந்த வீட்டின் நடுக்கூடம். சுவர் முழுக்கத் தட்டுகளில் செம்புப் பாத்திரங்கள் துலக்கி அடுக்கப்பட்டிருக்க, நடுவே இரும்பு அடுப்பில் காய்ந்த சாணம் எரிந்தது. பிசைந்த மாவைச் சிறு துண்டுகளாகக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தி, குழி விழுந்த சில்லுகளாகக் கொதிக்கும் காய்கறிக் குழம்பில் போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்க்யூ என்று பெயர். லேயில் படிக்கும் தன் மகளிடம் பேசிக்கொண்டிருந்தபோதும் அந்தக் கட்டைவிரல் நிற்கவில்லை. உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை ஒரு வாய் குடித்தால் கோப்பை மறுபடி நிறைந்துவிடும். போதும் என்றால் கோப்பையைக் கையால் மூடத் தெரிய வேண்டும்.

என்னோடு வந்தவர் குளிக்க வெந்நீர் கேட்டார். ஆமா-லே மறுப்புச் சொல்லாமல் இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். பின்னாலேயே போய் ஒன்றை வாங்கித் தூக்கிக்கொண்டு ஏறியபோது, அந்த உயரத்தில் எனக்குப் பத்தடிக்கு ஒருமுறை மூச்சு முட்டியது. மரமே அரிதான நாட்டில் அந்தத் தண்ணீரைச் சுட வைக்க ஒரு கூடைச் சாணம் வேண்டும். அது அவர்களின் குளிர்கால எரிபொருள். தண்ணீரில்லாக் கழிப்பறையைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மேலே மண்ணும் சாம்பலும் தள்ளிவிட்டால் நாற்றம் பெரிதாக இருப்பதில்லை. மக்கியதும் அது வயலுக்கு உரமாகப் போகிறது. நம் வசதிக்காக அங்கே தண்ணீர்க் கழிப்பறை கட்டச் சொல்வது, அந்த ஓடையையே கெடுக்கச் சொல்வதாகும்.

ஆகவே நண்பர்களே, ஏற்பாடு செய்பவரிடம் வீட்டின் பெயரைக் கேட்காதீர்கள். ஊரின் பெயரும் தேதியும் போதும். போனதும், இன்று யார் வீட்டு முறை என்று கேளுங்கள். பணத்தை வீட்டு அம்மாவின் கையிலேயே கொடுங்கள்.

மறுநாள் காலை கண்டா லா கணவாயை நோக்கிக் கிளம்பும்போது, வெந்நீர் கேட்டவரின் கையில் ஆமா-லே துணியில் சுற்றிய கம்பீர் ரொட்டி நான்கும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வைத்தார். எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, இனி எங்கள் முறை வரப் பல நாளாகும் என்று மகள் மூலம் சிரித்தபடி சொன்னார். வழியில், முதல் நாள் நாங்கள் வாதாடிய அதே வயலில் அந்தப் பெண்மணி நின்றிருந்தார். நண்பர் நின்று, இரு கைகளையும் கூப்பி, ஜூலே என்றார்.