1203ம் 3310ம் ஒன்றாகக் கலந்தால்

மொழியியல் ஆய்விதழ்களைத் தரவரிசைப்படுத்தும் ஒரு கட்டுரையைப் படித்தேன். இம்பேக்ட் ஃபேக்டரை (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) மட்டும் வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறது அந்தக் கட்டுரை. அந்த அளவு முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களைத்தான் எண்ணும். இலக்கண ஆய்வுகள் மெதுவாகத்தான் மேற்கோள் பெறும். 5 ஆண்டு அளவையும் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய கோளாறு தரவு சேர்ப்பதில் வரும். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் மொழியியலுக்கு இரண்டு வகைமை எண்கள்: கலைப்புலத்தில் 1203, சமூக அறிவியலில் 3310. ஏராளமான இதழ்கள் இரண்டிலும் உண்டு. இரண்டு பட்டியலையும் அப்படியே ஒட்டினால் ஒரே இதழ் இருமுறை விழும். இதழ்களின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை வைத்துக் களையலாம். ஆனால் அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என எண் இரண்டு இருக்கும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். எக்செலில் அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 'லிங்குவா' இதழின் 00243841 வெறும் 243841 ஆகிவிடும், பிறகு எதோடும் பொருந்தாது.

லிங்குவா என்றதும் இன்னொன்று. 2015 இறுதியில் எல்செவியர் வெளியிடும் அந்த இதழிலிருந்து ஆசிரியர்களும் ஆசிரியர் குழுவும் விலகி, 2016இல் 'குளோசா' என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். பெயர் மாறவில்லை என்பதற்காக 2010 முதல் 2020 வரை லிங்குவாவுக்கு வரைபடத்தில் ஒரே கோடு இழுப்பது சரியில்லை. 2016இல் ஒரு வெட்டுக்கோடு போட்டு, குளோசாவைத் தனி வரியாகக் காட்டியிருக்க வேண்டும்.