மாலை எத்தனை மணிக்கு வீடு வருவாள்?

எட்டாவது முடித்த ஒரு மாணவியை மேலே படிக்க அனுப்பச் சொல்லி, சில வருடங்களுக்கு முன் அவள் வீட்டுக்குப் போனேன். படிப்பின் அருமையைப் பற்றி நிறையப் பேசினேன். அவள் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு வருவா?" என்னிடம் பதில் இல்லை. உயர்நிலைப் பள்ளி அவ்வளவு தூரம்.

பெண் கல்வி என்றாலே பெற்றோருக்குப் புத்தி சொல்லத்தான் ஓடுகிறோம். அந்த அம்மாவுக்கு நான் என்ன புத்தி சொல்வது? தூரத்தைக் குறைப்பது அரசின் வேலை.

2006-ல் பீகார் அரசு ஒன்பதாவது படிக்கும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அந்த வயதுப் பெண்களின் சேர்க்கை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்பது. இலவசம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் கிராமத்துக்குள்ளேயே பள்ளி திறந்து பார்த்தார்கள். சேர்க்கையில் பையன்களுக்கும் பெண்களுக்கும் இருந்த வித்தியாசமே இல்லாமல் போனது. அதே பெற்றோர், அதே ஊர், பள்ளி மட்டும் பக்கத்தில் வந்தது. அந்த நாட்டில்தான் 2021-லிருந்து ஆறாவதுக்கு மேல் பெண்கள் படிக்கத் தடை. நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆய்வு நாம் நம்புவதையும் சில நேரம் மறுக்கும். மாதவிடாயால் மாணவிகள் நிறைய நாள் பள்ளிக்கு வருவதில்லை என்று நம்புகிறோம். நேபாளத்தில் நடந்த ஓர் ஆய்வில், மாதவிடாயால் மாணவிகள் பள்ளியைத் தவறவிட்டது வருடத்துக்கு அரை நாளுக்கும் குறைவு. நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ளும் மாதவிடாய்க் கோப்பை கொடுத்தும் வருகை மாறவில்லை. எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. தண்ணீரும் கழிப்பறையும் அந்தப் பிள்ளைகளின் உரிமை, வருகை கூடினாலும் கூடாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வருகையைக் கூட்ட நினைத்தால், அந்தந்த ஊரில் பிள்ளை எதனால் பள்ளிக்கு வராமல் நிற்கிறாள் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி, சாதி எல்லாம் கேட்கிறோம். வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம், எப்படி வருகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்றும் கேட்டு எழுதுங்கள். நிற்கப்போகிற பிள்ளை யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அந்த மாணவி அந்த வருடம் சேரவில்லை. அவள் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.