ஸ்பானிய கிட்டாரின் கதையை ஒரு தச்சரிடமிருந்து தொடங்க வேண்டும்

கிளாசிக்கல் கிட்டார் என்றாலே எல்லோரும் ஸ்பானிய கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். மதுக்கடையில் கிடந்த கருவியை அவர்தான் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அவர் வாசிப்பு எனக்கு உயிர். ஆனாலும் இந்தக் கதையை ஏற்க மனம் வரவில்லை.

செகோவியா பிறந்தது 1893இல். அதற்கு முந்தைய வருடமே ஸ்பெயினின் அல்மேரியாவில் ஒரு தச்சர் இறந்துபோயிருந்தார். இன்று நாம் கேட்கும் கிட்டாரின் குரல் அவர் கொடுத்தது. பெயர் அந்தோனியோ தே தோரஸ்.

அவருக்கு முன்பும் நல்ல இசை இருந்தது. பார்சலோனாவில் பிறந்த ஃபெர்னாந்தோ சோர், மொசார்ட்டின் மெட்டை எடுத்து எழுதிய மாறுபாடுகளை இன்றும் மேடைகளில் கேட்கலாம். ஆனால் அந்தக் காலத்துக் கிட்டார் சின்னது, ஒலியும் சன்னம். தோரஸ் உடலைப் பெரிதாக்கினார், மேல்பலகையை மெல்லியதாக இழைத்தார், அதன் அடியில் விசிறி போல ஏழு மரப்பட்டைகளை ஒட்டினார். அதிரும் தந்தியின் நீளம் 65 செ.மீ. என்ற அளவும் அவர் கிட்டார்கள் வழியாகத்தான் நிலைத்தது. இன்று கடையில் வாங்கும் கிளாசிக்கல் கிட்டாரிலும் பெரும்பாலும் அதே அளவுதான்.

ஒலியைத் தருவது மேல்பலகைதான் என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. அதைக் காட்டுவதற்காகவே 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்படி யோசித்த மனிதர், பிழைப்புக்காகச் சில வருடங்கள் பீங்கான் கடை நடத்த வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

1864இல் அவர் செய்த ஒரு கிட்டார், கிட்டார் கலைஞரும் இசையமைப்பாளருமான பிரான்சிஸ்கோ தாரெகாவின் கைக்கு வந்தது. நோக்கியா போனில் நாம் கேட்டுப் பழகிய அந்த மெட்டு இவர் எழுதிய ஒரு வால்ட்ஸ் நடன இசையில் வருவதுதான். ஆனால் 'அல்ஹாம்ப்ராவின் நினைவுகள்' கேளுங்கள். கட்டைவிரல் கீழ்ச்சுரங்களில் நடக்கும். மற்ற மூன்று விரல்களும் ஒரே சுரத்தை மாறி மாறி மீட்டும். மீட்டியவுடன் தேய்ந்துவிடும் கிட்டார் ஒலி, யாரோ மூச்சு விடாமல் பாடுவதுபோல் நீளும். எனக்கு அந்தப் பாட்டில் தோரஸின் மேல்பலகையும் சேர்ந்தே கேட்கிறது.

செகோவியாவின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. கிட்டார் வாசிக்கத் தெரியாத இசையமைப்பாளர்களையும் கிட்டாருக்கு எழுத வைத்தார். பாக் வயலினுக்கு எழுதிய 'சக்கோன்' போன்ற ஒரு மலையை 1935இல் பாரிஸ் மேடையில் கிட்டாரில் ஏறிக் காட்டினார். அது போதும், மிகப் பெரிது. மீதியையும் அவர் கணக்கிலேயே எழுத வேண்டாம். ஹோவாகின் ரோத்ரிகோ 1939இல் எழுதிய 'அரன்ஹுவேஸ்' கான்செர்ட்டோவை (கிட்டாரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) அடுத்த வருடம் பார்சலோனாவில் முதலில் வாசித்தவர்கூட ரெஹினோ சைன்ஸ் தே லா மாசா என்ற வேறொரு கிட்டார் கலைஞர்தான்.