அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை
‘கஞ்சாத் தடை உடல்மீதான உரிமையை மீறுகிறது என்று கூறி, தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் தடையையே நீக்கிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை. நீதிபதி சோன்டோ எழுதிய அந்த ஒருமனதான தீர்ப்பு நின்றது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமையின்மீது. உடல்சார் உரிமையைப் பேசும் 12ஆம் பிரிவின்மீது அல்ல. வயதுவந்தவர் தனியிடத்தில் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருப்பது, வளர்ப்பது, புகைப்பது ஆகியவை மட்டுமே குற்றமல்ல என்றாயின. விற்பனை குற்றமாகவே நீடித்தது. உடல் உரிமை வாதத்தில் எனக்கும் சாய்வு உண்டு. அதற்காகத் தீர்ப்பில் இல்லாததை ஏற்றிச் சொல்ல முடியுமா? கனடாவை வேறு துணைக்கு அழைக்கிறீர்கள். அங்கே உச்ச நீதிமன்றம் 2003இல் தடை செல்லும் என்றே சொன்னது. 2018இல் அதை விலக்கியது நாடாளுமன்றம்.