836 மீட்டர்தானே, மாமா!

(தென்கொரியத் தலைநகர் சியோல். புக்கான்சான் மலையில், பேகுன்டே சிகரத்துக்குச் செல்லும் கற்படிப் பாதை. வெயில் இன்னும் மரங்களுக்குள் இறங்கவில்லை. சுற்றுலா வந்த மாமனார் ஒரு பாறைமேல் அமர்ந்துவிட்டார். எழுந்திருக்கும் உத்தேசம் அவரிடம் தென்படவில்லை.)

மாமனார்: மாப்பிள்ளை, நேற்று இரவு 836 மீட்டர்தான் என்று நீங்கள் சொன்னதும், நம் தெருமுனைப் பால் கடைக்குப் போய்வருகிற தூரம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். அது தூரமல்ல, உயரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மருமகன்: மலைக்கு யாரும் நீளத்தைச் சொல்வதில்லையே, மாமா. வாகன நிறுத்தத்திலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். 1983 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் ஒரு மலைக்கு மெட்ரோ ரயிலிலேயே வந்து இறங்கும் வசதி வேறு எத்தனை ஊர்களில் கிடைக்கும்?

மாமனார்: ரயிலை நான் குறை சொல்லவில்லை. ரயில் நின்ற இடத்தில் நாமும் நின்றிருக்கலாம் என்கிறேன்.

மருமகன்: அதோ அந்தப் பாட்டியம்மாவைப் பாருங்கள், எவ்வளவு உற்சாகமாக ஏறுகிறார்!

மாமனார்: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஊதாச் சட்டை, இரண்டு கையிலும் ஊன்றுகோல், உள்ளங்கையில் சிவப்பு ரப்பர் பூசிய கையுறை என்று சகல ஆயுதங்களோடும் வந்திருக்கும் அவர், நான் இங்கே உட்காரும்போது கீழே புள்ளியாகத் தெரிந்தார். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டி நிமிர்வதற்குள், என் கையில் ஒரு வெள்ளரித் துண்டைத் திணித்துவிட்டு மேலே போய்விட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்மேல் இரக்கப்பட்டு வெள்ளரிக்காய் கொடுத்த சங்கதி உங்கள் அத்தையின் காதுக்குப் போகக் கூடாது.

மருமகன்: இங்கே 65 வயதானவர்களுக்கு மெட்ரோவில் கட்டணமே கிடையாது, மாமா. அதனால் பலர் விடிந்ததும் மலைக்கு வந்துவிடுகிறார்கள்.

மாமனார்: கட்டணம் இல்லையென்றால் நான் கடைசி நிலையம்வரை தூங்கிக்கொண்டு போய், அப்படியே தூங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

மருமகன்: இறங்கி வருகிறவர்கள் இன்னும் பத்து நிமிடம்தான் என்கிறார்களே!

மாமனார்: முதலில் வந்தவரும் பத்து நிமிடம் என்றார். கால் மணி நேரம் நடந்த பிறகு வந்தவரும் பத்து நிமிடம் என்றார். இப்போது போன தம்பதியும் சிரித்துக்கொண்டே பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்கள். இந்த மலையில் நாம்தான் நடக்கிறோம், கடிகாரம் நடக்கவில்லை.

(ஒருவழியாக எழுந்து நடக்கிறார். சற்று நேரத்தில் கல்லால் கட்டிய ஒரு வாசல் தென்படுகிறது.)

மருமகன்: இது கோட்டை வாசல், மாமா. சுக்ஜோங் மன்னர் காலத்தில், 1711இல் கட்டிய மதில் இந்த முகடுகளின் மேல்தான் போகிறது.

மாமனார்: எதிரி இதுவரை ஏறி வந்தால் சண்டை போட அவனிடம் மூச்சு மிஞ்சாது என்று கணக்குப் போட்டிருக்கிறார், கெட்டிக்கார மன்னர். சரி, வாசலைத் தாண்டினால்?

மருமகன்: தாண்டினால் மொட்டைப் பாறைதான். அதில் இரும்புத் தூண்களை நட்டுக் கம்பிவடம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் உச்சியில் தேசியக் கொடி பறக்கும்.

மாமனார்: கம்பிவடம் நம்மை இழுக்குமா?

மருமகன்: இழுக்காது, மாமா. நாம்தான் அதைப் பிடித்து ஏற வேண்டும்.

மாமனார்: எதற்கும் கேட்டு வைத்தேன். உச்சியில் உட்கார்ந்து குடிக்க ஏதாவது கிடைக்குமா?

மருமகன்: தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன். 2018 முதல் தேசியப் பூங்காச் சிகரங்களில் மது அருந்தத் தடை இருக்கிறது.

மாமனார்: நான் தேநீரைக் கேட்டேன், நீங்கள் மதுவுக்குப் போய்விட்டீர்களே! தடை போடும் அளவுக்கு அங்கே யார் குடித்தார்கள்?

மருமகன்: மலையேறி முடித்ததும் மக்கொல்லி குடிப்பது இவர்களுடைய வழக்கம், மாமா. அடிவாரக் கடைகளில், வெங்காயத்தாள் போட்டுச் சுட்ட அடையோடு கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். வேறொன்றுமில்லை, அரிசியில் செய்கிற ஒருவிதக் கஞ்சிதான்.

மாமனார்: கஞ்சிக்குத் தடை போட்ட அரசாங்கத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்தக் கஞ்சியில் எத்தனை சதவீதம்?

மருமகன்: (தரையைப் பார்த்தபடி) பெரும்பாலும் ஆறு, மாமா.

மாமனார்: ஆகவே, தூய காற்று, இயற்கைக் காட்சி என்று நேற்று நீங்கள் வர்ணித்ததில் முக்கால்வாசி அடிவாரத்தில் இருக்கிறது.

மருமகன்: தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மாமா. வேண்டாமென்றால் இப்படியே திரும்பிவிடலாம்.

மாமனார்: அதெப்படித் திரும்புவது? ஏறாமல் போய் அந்தக் கடையில் உட்கார்ந்தால் நாம் குடிகாரர்கள். ஏறி இறங்கிவிட்டுப் போனால் இந்த ஊர் வழக்கத்தை மதித்தவர்கள். எங்கே அந்தக் கம்பிவடம்?